குத்தூசி

உளுந்து வாங்கப் போனால்
மூட்டையின் வாயைப் பார்க்க மாட்டேன்.
விலாவில் குத்தூசியைச் செருகி
நடு வயிற்றிலிருந்து ஒரு பிடி எடுப்பேன்.
பயின்னவுங் சந்தையில் பத்தொன்பது வருஷம்
என் பிழைப்பு அந்த ஒரு பிடி.

மடிக்கணினியில் எங்கே குத்துவது?

பழசு செத்துக்கொண்டிருந்தது.
தூத்துக்குடியிலிருந்து விலை கேட்டால்
பதினோராயிரம் வரிசை உள்ள கணக்குத் தாள்
திறப்பதற்குள் டாலர் ஏறி இறங்கிவிடும்.
விசிறிச் சத்தத்தில்
எதிர்முனையில் கேட்கிறார்கள்,
"மில்லிலிருந்தா பேசுறீங்க?"

பங்காளி நாகூர்கனிக்கு வெள்ளி நிறத்தில் ஒன்று பிடித்திருந்தது.
வெற்றிலை மாதிரி மெலிசு.
முப்பத்தெட்டு லட்சம் கியாட்.
"பார்ட்டி வந்தா மேசையில வைக்கலாம்ல?"
சூலே பக்கம் மாடிக்கடையில்
கோ தூரெயின் அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.
மெமரியைப் பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள், அமா,
வாங்கின அன்று என்னவோ
சாகிற அன்றும் அதுதான்.

பிறகு அடியிலிருந்து கறுப்பாய் ஒன்றை இழுத்தார்.
ஏதோ ஜப்பான் கம்பெனி கழித்தது,
சொத்து எண் ஒட்டியது அப்படியே இருக்கிறது.
கனம். கீல் இரும்பு.
பிரிண்டர் வயருக்கு ஓட்டை உண்டு,
வலப்பக்கம் எண்களுக்குத் தனி வரிசை.
அது போதும் எனக்கு, மனசு அங்கேயே விழுந்துவிட்டது,
ஆனால் முகத்தில் காட்டினால் நான் என்ன தரகு?

"முதுகைத் திற" என்றேன்.

எட்டுத் திருகாணி.
அதுதான் குத்தூசி என்று அப்போது புரிந்தது.
மெமரிக்கு இரண்டு இடம், ஒன்று காலி.
பாட்டரி எழுபத்தொரு சதம்.
எழுபத்தொன்றுக்கு நூறின் விலை கேட்கிறாயே என்றேன்.
சிரித்தார். புது பாட்டரிக்குத் தனிக்காசு என்றார்.
வேண்டாம் என்று வாய்வரை வந்தது.
நாலு மணி நேரம் கரண்ட், நாலு மணி நேரம் இருட்டு,
இந்த ஊரில் இருந்துகொண்டு
அதை எப்படிச் சொல்வது?
பதினாறு ஜிபி, புது டிஸ்க், பாட்டரி:
எல்லாம் சேர்த்துப் பதினைந்தரை லட்சம்.
ரசீதில் டாவ் கின் மியா என்று எழுதினார்.
காத்தாயி என்று கூப்பிட்டாலும் நான்தான் திரும்புவேன்.

"பழையதை அப்படியே நகல் எடுக்கவா,
புதுசாய்த் தொடங்கவா?"

நாகூர்கனி புதுசு என்றான்.
நான் அந்தத் தாளை நினைத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி, மோல்மைன் ஆள்,
எழுபது மூட்டைப் பாக்கி,
போன் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.
அடுத்த வரி, செத்தே போனவர்.
வராத கடனும் கணக்குதான்.
நகல் எடு என்றேன்.

டிஸ்க்கைக் கழற்ற என் பழசைப் பிரித்தபோது
தூசிக்குள், விசிறிக்கு அடியில்
ஒற்றை உளுந்து.
எத்தனை வருஷமாய் உருண்டதோ
எனக்குக் கேட்கவில்லை.
உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.
"எஃப்.ஏ.க்யூ." என்றேன். "எஸ்.க்யூ. இல்லை."
கடைப் பையன்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

அறுபத்து மூன்று சதத்தில் கரண்ட் போனது.
தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் இருமத் தொடங்கின.
கடையே இருட்டு.
அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும்
முகம் சுளிக்காமல்
அறுபத்து நாலு, அறுபத்தைந்து
என்று எண்ணிக்கொண்டே போனது.
நாகூர்கனி பேசவில்லை. தேநீர் வாங்கிவந்தான்.

இப்போது ஒரே பொத்தானில்
கீழே ஜப்பான் எழுத்து,
மேலே ஒட்டின பர்மிய எழுத்து.
தமிழ் விரலில் இருக்கிறது.

இன்று காலை தூத்துக்குடி கேட்டது.
மூச்சு விடுமுன் தாள் திறந்தது.
விலை சொன்னேன்.

அதிகம் என்று வைத்துவிட்டான்.